உள்கண்ணாடி இறங்கும்போது

பெரம்பலூரில் சுகாதார அலுவலகக் கூட்டம் முடிந்து சிந்தாமணி வெளியே வந்தபோது வெயில் நடுமண்டையில் நின்றது. புடவைத் தலைப்பை இழுத்து இடது கண்ணை மறைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தாள். மீன்சுருட்டிப் பக்கம் கிராமத்து நர்சாக இருக்கிறவள் அவள். தினமும் மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதும்தான் வேலை. 2007 ஜூன் பிறந்ததிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தெருவில் எங்கே பார்த்தாலும் ஹெல்மெட்தான். செருப்புக்கடை வாசலில், ஜவுளிக்கடைப் படியில், தள்ளுவண்டியில் தர்பூசணிக்குப் பக்கத்தில்கூடக் குவித்து வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடி முகங்கள். ஒன்றுக்குள்ளும் ஆள் இல்லை.

அந்தச் சட்டம் ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அவள் நினைக்காத நாளில்லை.

போன வருஷம் ஆனி மாதம் அவளும் அவள் புருஷன் ஜெயசீலனும் ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கப் போய், சாலையோர மணலில் பைக் சறுக்கியது. சிந்தாமணி முட்புதரில் விழுந்தாள். ஜெயசீலனின் தலை சின்னப்பாலத்துக் கட்டைச்சுவரில் மோதியது. அவள் தன் பச்சைப் புடவையைக் கிழித்து அவன் தலையைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற லாரியை எல்லாம் கைகாட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் மூச்சைப் பார்த்து, நாடியைப் பார்த்துச் சொல்லுகிறவள், கட்டிய புருஷனின் மூச்சு தன் மடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு டிராக்டர்க்காரர் வந்து நிறுத்தியபோது கேட்பதற்கு ஒன்றுமில்லை.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமென்று இருந்தது சுவர்க்கடிகாரம் மட்டும்தான். முள் குத்திய இடது கண் பிழைத்துக்கொண்டது. ஆனால் வெயிலைத் தாங்காது. அந்தச் சாலையில் அவள் மறுபடி வண்டி ஓட்டவே இல்லை. அரியலூர்ப் பக்கம் போக வேண்டுமானால் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

லெப்பைக்குடிக்காட்டு ஊர்க்காரர் அன்சாரின் ஹெல்மெட் கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். மரியாதையான மனிதர் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

"வாங்கக்கா, உக்காருங்க. வண்டி ஓட்டுறது நீங்களா, அத்தானா?"

"நான்தான்."

முதலில் எடுத்துக் கொடுத்தது பாதித் தலைக்குத்தான் வந்தது. கிண்ணம் கவிழ்த்த மாதிரி. அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"மொகம் பூரா மூடுறது குடுங்க. தாடை, கன்னம், பின்மண்டை எல்லாம் மூடணும்."

அன்சார் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் இரண்டு மூன்று எடுத்துவந்தார். ஒன்று தளர்வாக இருந்தது. "தலைய ஆட்டுங்கக்கா... பாத்தீங்களா, தலை ஒரு பக்கம் போவுது, ஹெல்மெட்டு ஒரு பக்கம் போவுது. இது ஆவாது. ரெண்டு கன்னமும் லேசா அமுங்கணும். மொதல்ல இறுக்கமாத்தான் இருக்கும், ஸ்பாஞ்சு போகப்போகப் பழகிரும்." இன்னொன்று கொண்டையில் இடித்தது. மூன்றாவது சரியாக இருந்தது. ஆனால் பையிலிருந்த கூலிங்கிளாசை எடுத்துப் போட்டுக்கொண்டு நுழைத்தால் அதன் காம்பு காதோரப் பொட்டில் குத்தியது.

"கண்ணுல அடிபட்டிருக்கு. வெயில் ஆவாது எனக்கு. வெறுங்கண்ணோட ஓட்ட முடியாது."

"அப்பிடிச் சொல்லுங்க. அதுக்கு ஒண்ணு இருக்கு. மச்சான் ஷார்ஜாவுலேருந்து வந்தப்ப கொண்டாந்தது. இங்க இன்னும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

மேல் அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு ஹெல்மெட்டை இறக்கித் துணியுறையை உருவினார். வெளியே சாதாரணக் கண்ணாடி. இடது தாடைப் பக்கம் ஒரு சின்ன நெம்புகோல். அதை அவர் தள்ளியதும் உள்ளேயிருந்து புகை நிறத்தில் இன்னொரு கண்ணாடி வழுக்கி இறங்கியது.

"வெயில்ல எறக்கிக்கலாம். நெழல்ல ஏத்திக்கலாம். பொழுது சாஞ்சா மட்டும் எறக்காதீங்க, பாதை தெரியாது."

சிந்தாமணி அதைத் தலையில் மாட்டினாள். கன்னங்கள் அளவாக அமுங்கின. தெருவின் இரைச்சல் தூரமாகப் போனது. புது ஸ்பாஞ்சு வாசனை. தன் மூச்சின் சத்தம்.

நெம்புகோலைத் தள்ளினாள்.

உச்சி வெயில் அந்தி ஆயிற்று. தெரு, தள்ளுவண்டி, அன்சாரின் வெள்ளைச் சட்டை எல்லாம் பழுப்பு நிழலில் முங்கின. ஸ்பாஞ்சு வாசனை போய்ப் பன்னீர்ப்புகையிலை வாசனை வந்தது.

ஜெயசீலன் போடுகிற புகையிலை.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சின் சத்தம் நிற்கவில்லை.

காதை ஒட்டி இன்னொரு மூச்சு. தொண்டையில் கரகரவென்று தடுக்கி, ஒரு கணம் தங்கி, பிறகு நீளமாக வெளியேறும் மூச்சு. அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும். மடியில் வைத்துக் கேட்டது.

நெம்புகோலைத் தட்டி ஏற்றினாள். சட்டென்று வெளிச்சம். கடைத்தெரு. ஸ்பாஞ்சு வாசனை.

"என்னக்கா, இறுக்குதா?"

"வேற... வேற ஒண்ணு காட்டுங்க."

அன்சார் காட்டினார். அவள் போட்டுப் பார்த்தாள். நல்ல ஹெல்மெட்தான். கொண்டை இடிக்கவில்லை, கன்னம் அமுங்கியது, வெளியே பார்த்தால் பெரம்பலூர் தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை. அவள் வீட்டைப் போலவே.

அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அதயே குடுங்க," என்றாள். "கறுப்பு."

அதற்குப் பிறகு சிந்தாமணி உச்சி வெயிலில்தான் ஊர்களுக்குக் கிளம்பினாள். காலையில் போக வேண்டிய ஊரையும் தள்ளிப் போட்டாள். முந்திரிக்காட்டு நடுவே ஆளற்ற பாதையில் வந்ததும் உள்கண்ணாடியை இறக்குவாள். மூச்சு வரும். முதலில் வேகமாக, பிறகு இடைவெளி விட்டு, பிறகு எண்ணி எண்ணி விடுவதுபோல. கடைசியில் ஒரு நீண்ட மூச்சு. அதோடு நின்றுவிடும். திரும்பக் கழற்றி மாட்டினால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு நாளும் அவன் அவள் காதோரம் செத்தான். ஒவ்வொரு நாளும் அவள் அதைக் கேட்கப் போனாள். அந்தக் கடைசி மூச்சுக்கு முன்னால் இருக்கிற நேரமாவது அவன் இருக்கிறானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தம்பி ராசாங்கம் குழம்புத் தூக்கோடு வந்தான். நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. அக்கா முற்றத்து வெயிலில், வெறும் ஸ்டூலில், ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா... என்னக்கா இது? வூட்டுக்குள்ள ஏன் ஹெல்மெட்டு?"

அவன் அருகில் வந்து கழற்றினான். அவள் முகமெல்லாம் கண்ணீரும் வேர்வையும். அவனுக்குக் கோபம் வந்தது.

"அப்பிடி என்னதான் இருக்கு இதுல?" என்று தன் தலையில் மாட்டிக்கொண்டான். கண்ணாடி இறங்கியே இருந்தது.

சிந்தாமணி அவனையே பார்த்தாள். அவன் முகம் தெரியவில்லை. புகைக் கண்ணாடியில் முற்றத்துச் சுவர்தான் தெரிந்தது. அவன் கை மட்டும் மெதுவாக எழுந்து, காதுப் பக்கத்தைத் தொட்டது.

கழற்றியபோது உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, உள்ள யாரோ மூச்சு வாங்குறாங்க."

"ஒனக்கும் கேக்குதா?"

"கெணத்துல போட்டுரு. இப்பவே போட்டுரு. வா, நான் வரேன்."

"ராசாங்கம், ஒனக்கும் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் தன் மூளைதான் கலங்கிவிட்டதோ என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ராசாங்கம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான், கோயிலுக்குப் போகலாம் என்றான், வந்து தன் வீட்டில் இரு என்றான். அவள் காதில் விழவில்லை. நர்சு மனசு ஒரே கணக்கில் நின்றது.

மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிற ஆளை ஏன் அந்தச் சாலையோரத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன்?

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் அந்தச் சாலைக்குப் போனாள்.

கானல் தார்மேல் தண்ணீராக ஓடியது. லாரிகள் இறைத்துவிட்டுப்போன சுண்ணாம்புத் தூள் ஓரத்துச் செடிகளை எல்லாம் வெள்ளையாக்கியிருந்தது. காகம்கூடக் கத்தவில்லை. சின்னப்பாலம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தினாள். கட்டைச்சுவரில் சிமெண்டு பெயர்ந்த இடம் அப்படியே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

நெம்புகோலைத் தள்ளினாள்.

அந்தி இறங்கியது.

கட்டைச்சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளை வேட்டி. வளைகாப்புக்காகப் போட்ட புதுச்சட்டை. தலையைச் சுற்றிப் பச்சைத் துணி, அதன் ஓரம் நனைந்து கறுத்திருந்தது. முகம் நெஞ்சின்மேல் கவிழ்ந்திருந்தது. சாலையைப் பார்த்து ஒரு கை பாதி நீண்டிருந்தது, நிற்காத வண்டிகளை நிறுத்துவதுபோல.

அவளுக்கு அலறத்தான் வாய் திறந்தது. வந்தது வேறு.

"ஏங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "நான்தான். ஏறுங்க."

அவன் அசையவில்லை.

"என் வண்டிதாங்க. மெதுவாத்தான் ஓட்டுவேன். வாங்க."

ஒரு லாரி கடந்து போனது. தூள் மேகம் எழுந்து அடங்கியபோது கட்டைச்சுவரில் யாரும் இல்லை.

மொபெட்டின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

முதுகில் குளிர்ச்சி. வெயிலில் காய்ந்த ரவிக்கையைத் தாண்டி எலும்புவரை போகிற குளிர்ச்சி. இடுப்பை ஒரு கை சுற்றியது. விரல்களில் மணல் நரநரத்தது. காதோரம் அந்த மூச்சு தொடங்கியது.

அவள் அரியலூரைப் பார்த்து வண்டியை விட்டாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. கையை முறுக்கினால் வண்டி முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை; இரண்டு ஆள் கனத்தை மீறிய கனம். மூச்சு நடுவில் தங்கும்போதெல்லாம் அவள் பேசினாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள்.

"தூங்கிராதீங்க. கேக்குதா? ராசாங்கத்துக்கு மக பொறந்திருக்கு. உங்க மூக்குதான் அதுக்குன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க, உங்க மூக்கு எப்பிடிங்க அதுக்கு வரும்... ஏங்க?"

"ம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே, அவள் சொல்வதைக் கேட்டும் கேட்காமலும் போடுகிற அதே 'ம்'.

"இன்னும் கொஞ்ச தூரந்தான். அந்தா புளியமரம் தெரியுது பாருங்க. அதத் தாண்டுனா டவுனு."

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. நீண்ட மூச்சு எப்போதும் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது மனப்பாடம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. சிந்தாமணி வரிசையைத் தாண்டிக் கேட்டை ஒட்டிப் போய் நிறுத்தினாள். "கேட்டத் தொறங்க! சீரியசு கேசு! உயிரு போவுது!" என்று கத்தினாள். ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. பக்கத்து சைக்கிள்காரர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். வெற்று சீட்டைப் பார்த்துவிட்டு சைக்கிளை ரெண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த இரைச்சலுக்கு நடுவே நீண்ட மூச்சு வந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

இடுப்பைச் சுற்றியிருந்த கை தளர்ந்து சரியத் தொடங்கியது. அவள் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தாள். ஐஸ்கட்டியைப் பிடித்தது போலிருந்தது. "வேணாங்க," என்றாள். "இன்னிக்கி வேணாம். இத்தன தூரம் வந்துட்டோம். எனக்காக ஒரு மூச்சு. ஒண்ணே ஒண்ணு. விடுங்க... மூச்ச விடுங்க!"

ரயிலின் கடைசிப் பெட்டி போனது. கேட் எழுந்தது.

காதோரம், கரகரவென்று தடுக்கி, ஒரு மூச்சு.

அதற்கு முன் எந்த நாளும் வராத மூச்சு.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் வண்டியை நிறுத்தியபோது, ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர் வெள்ளைச்சாமி நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்ட குரலுக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"எங்கம்மா ஆளு?"

"எறக்குங்க, மெதுவா... தலையில அடி, தலையப் புடிச்சு எறக்குங்க."

அவர் மொபெட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வருஷக்கணக்காக அந்த வாசலில் நிற்கிறவர். அழுகையை எல்லா வகையிலும் பார்த்தவர். ஸ்ட்ரெச்சரை மொபெட்டுக்கு அணைத்து நிறுத்தினார்; அவள் மனசுக்காகத்தான் அப்படிச் செய்தார்.

மொபெட்டின் பின்பக்கம் மேலெழுந்தது.

ஸ்ட்ரெச்சரின் இரும்பு கிறீச்சிட்டது.

வெள்ளைச்சாமி அதைத் திருப்பித் தள்ளினார். நகரவில்லை. மறுபடி, உடம்பைக் கொடுத்துத் தள்ளினார். சக்கரம் முனகிக்கொண்டு உருண்டது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"அம்மா," என்றார் குரல் எழும்பாமல். "வண்டி கனக்குது."

அவர் அதைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போவதைச் சிந்தாமணி புகைக் கண்ணாடி வழியே பார்த்தாள். பச்சைத் துணி கட்டிய தலை ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மூலை திரும்பும்வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு ஹெல்மெட்டுக்குள் ஒரே ஒரு மூச்சுத்தான் கேட்டது. அது அவளுடையது.

அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. போனால் வெறும் ஸ்ட்ரெச்சரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரியும். வாசல் படியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அன்று சாலையோரத்தில் அழ முடியாததை எல்லாம் சேர்த்து அழுதாள். திரும்பும்போது சின்னப்பாலத்தில் நிறுத்தி உள்கண்ணாடியை இறக்கினாள். அந்தி இறங்கியது. கட்டைச்சுவர் காலியாக இருந்தது. புகையிலை வாசனை இல்லை. புருஷனை இரண்டாம் முறை பறிகொடுத்தவளாக வீடு வந்து சேர்ந்தாள்.

ராசாங்கம் நிம்மதியடைந்தான். அக்கா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், காலையிலேயே ஊர்களுக்குப் போகிறாள். முகத்தில்தான் ஒன்றும் இல்லை. அதைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, பிரசவம் சிக்கலான ஒரு பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பி, மொபெட்டில் பின்தொடர்ந்து அவள் மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பெண்ணைச் சேர்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் வந்தபோது வெள்ளைச்சாமி எதிரே வந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு நின்றார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"உங்கள எங்க போயித் தேடுறதுன்னு தெரியாம இருந்தேம்மா."

"ஏங்க?"

"அன்னிக்கி அத ஆம்பளைங்க வார்டுலதான் கொண்டுபோயி விட்டேன். வேற எங்க விடுறதுன்னு தெரியல. சன்னலோரத்துப் பெட்டு. நிறுத்துன ஒடனே லேசாயிருச்சு." குரலைத் தாழ்த்தினார். "அதுலேருந்து அந்தப் பெட்டுல யாரும் படுக்க மாட்டேங்குறாங்க. படுத்தவங்களும் எந்திரிச்சு வந்துர்றாங்க. மத்தியானம் ஆனா காதுகிட்ட ஒருத்தரு கேக்குறாராம்."

"என்னன்னு?"

"'சிந்தா வந்துட்டாளா, சிந்தா வந்துட்டாளா'ன்னு. இங்க டூட்டியில அப்பிடி யாரும் இல்லியேம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

சிந்தாமணி வெள்ளைச்சாமியைத் தாண்டி நடந்தாள்.

வார்டில் மழை வெளிச்சம். நோயாளிகள் எல்லாரும் கதவுப் பக்கத்துக் கட்டில்களில் நெருக்கிப் படுத்திருந்தார்கள். சன்னலோரக் கட்டில் தனியாகக் கிடந்தது. வெள்ளை விரிப்பு. யாரும் படுக்காத அந்த விரிப்பின் நடுவில், ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அவள் கட்டிலருகே போய் நின்றாள். ஹெல்மெட் வெளியே வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கும் விரிப்புக்கும் நடுவே எந்தக் கண்ணாடியும் இல்லை.

"வந்துட்டேங்க," என்றாள்.

கட்டில் கிறீச்சிட்டது. விரிப்பில் இருந்த பள்ளம் மெதுவாக, நோகாமல் உடம்பை நகர்த்துகிறவன்போல, சன்னல் பக்கம் ஒதுங்கியது. இந்தப் பக்கம், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.